நூறு வருஷப் பிக்குணியும் நேற்று வந்த ரைட்டரும்

புத்தகமே படிக்காதவனை நம்பலாம்; ஒரே ஒரு புத்தகம் படித்தவனை நம்பவே கூடாது. வெள்ளைக்காரன் காலத்தில், ஏற்காட்டில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்தபோது நான் இரண்டாம் ரகம். படித்திருந்த அந்த ஒன்று புத்த மதத்தைப் பற்றியது.

சேர்ந்த புதிதில் ஒரு மழை நாள். பழம் பறிக்க முடியாமல் பெண்கள் கொட்டகையில் ஒதுங்கியிருந்தார்கள். (கேட்க ஆள் கிடைத்தால் வாய் சும்மா இருக்குமா?) புத்த மதத்தில் பெண்களின் நிலை என்று பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டேன். பெண்களைச் சங்கத்தில் சேர்க்கப் புத்தரே தயங்கினார். நூறு வருஷம் துறவியாக இருந்த பிக்குணியும் அன்று காலை மொட்டையடித்த பிக்குவைக் கும்பிட வேண்டும் என்று விதித்தார் என்றேன்.

எங்கள் எஸ்டேட் வழக்கம் இதற்கு நேர்மாறு. அதிக வருஷம் பறித்தவர்தான் முதலில் தன் நிரையை, அதாவது பறிக்க வேண்டிய செடி வரிசையை, தேர்ந்தெடுப்பார். அந்த மூப்பு மாராயி அக்காவுக்கு.

"ஏனுங்க ரைட்டரய்யா, அப்ப நேத்து வந்த உங்கள நானுங் கும்புடோணுமுங்களா?" என்று அவர் கேட்டார்.

"சாஸ்திரப்படி பார்த்தால் அப்படித்தான்" என்றேன். (நாக்கில் சனி.)

மறுநாள் காலை, ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டில் மாராயி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் அத்தனை பெண்களும், ஒவ்வொருவராக, நிதானமாக. வெயில் ஏறியும் யாரும் தோட்டத்துக்கு நகரவில்லை. அடுத்த நாளும் அதே பூஜை. செடியில் பழம் உதிர்ந்துகொண்டிருந்தது. குதிரையில் வந்த துரை பார்த்துவிட்டு, நாளையும் இப்படி நடந்தால் என்னைக் குப்பனூர் வழியாக மலையிறங்கி ஊர் போய்ச் சேரச் சொன்னார். ஊரில் அம்மாவும் தங்கைகளும் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள்.

பெட்டியில் பிரிக்காமலே கிடந்த இன்னொரு புத்தகத்தைத் தூக்கினேன். அது புதியது. அந்த விதி புத்தர் வாக்குதானா என்பதே சந்தேகம், பின்னால் வந்த பிக்குகள் சேர்த்திருக்கலாம் என்று இப்போது அறிஞர்கள் கருதுவதாக அதில் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் பெரட்டில் இதை அறிவித்தேன்.

"அப்ப அது புத்தரு சொன்னதில்லீங்களா?" என்றார் மாராயி அக்கா.

"இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறார்கள்."

"நொம்ப சந்தோசம் சாமி. அப்ப நாங்க கும்புட்டதயெல்லாந் திருப்பிக் குடுத்துருங்க. நாங்க நிரைக்குப் போறோம்."

வேறு வழி? மாராயி அக்காவில் தொடங்கி வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே போனேன். பாதியில் துரை வந்தார். குதிரையை நிறுத்திப் பார்த்தார். கும்பிடு வாங்கியவர்கள் நிரைக்கு நகர்வதைக் கண்டு திரும்பிப் போனார். வேலை தப்பியது, மானம்தான் மலையிறங்கிவிட்டது.

கல்யாணமாகி என் மனைவி எஸ்டேட்டுக்கு வந்த அன்றே மாராயி அக்கா இதை அவளிடம் ஒப்பித்துவிட்டார். இன்றும் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நிற்கிறாள்.

"இப்பவே கும்புடட்டுங்களா, இல்ல அடுத்த பொஸ்தகம் வரட்டுங்களா?"