ஆண்கள் மட்டும், தயங்காமல் வரவும்

"ஆறு பேர் தேறினா ரூம் தர்றேன். அஞ்சு பேர் வந்தாலும் கிடையாது" என்று மேட்ரன் சொன்னதும் நெட்டை பிரதரின் முகம் தொங்கிப்போனது. ஆஸ்பத்திரியைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஆண் நர்ஸ்கள் நாலே பேர்தான்.

"மேடம், நாலு பேர் உட்கார்ந்து பேசினா கூட்டம் இல்லையா?"

"நாலு பேர் உட்கார்ந்தா அது கேன்டீன் டேபிள்."

அவர் ஒன்றும் பெரிய வரம் கேட்டுவிடவில்லை. மாதம் ஒருதரம், மாவுக்கட்டுப் போடும் அறை சும்மா இருக்கிற சாயங்கால நேரத்தில், ஆண் நர்ஸ்கள் மட்டும் உட்கார்ந்து மனசுவிட்டுப் பேச வேண்டும். பெண் நர்ஸ்களை சிஸ்டர் என்றும் ஆண்களை பிரதர் என்றும் கூப்பிடுகிற ஆஸ்பத்திரி அது. ஆனால் நெட்டை பிரதரை யாரும் சும்மா கூப்பிட்டதில்லை. மேல் அலமாரியில் பஞ்சு எடுக்க, பல்பு மாட்ட, ஆக்சிஜன் சிலிண்டரை உருட்ட என்று அவருடைய உயரத்தையும் தோளையும்தான் கூப்பிட்டார்கள். நோயாளிகள் முதலில் "டாக்டர்" என்பார்கள். இல்லை என்று தெரிந்ததும், "அப்போ நர்ஸ் எங்கே?" என்பார்கள்.

அதையெல்லாம்கூட அவர் சிரித்துக்கொண்டே தாங்கிவிடுவார். போன மாதம் நடந்த ஒன்றுதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டு, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் படுத்தியது.

மேட்ரன் அறையிலிருந்து வெளியே வந்தவரை அவருடைய வார்டு சிஸ்டர் மடக்கினாள்.

"எங்களை வச்சுக்கிட்டுப் பேச முடியாத அளவுக்கு அப்படியென்ன ரகசியம்?"

"ரகசியமெல்லாம் இல்ல சிஸ்டர்."

"அப்போ எங்களைப் பத்தித்தான்."

"ஐயையோ, இல்லவே இல்ல!"

"இவ்வளவு அவசரமா இல்லைன்னு சொல்றப்பவே தெரியுதே. நர்சுங்க ரூம்ல உங்களுக்கு இடமா இல்ல?"

"இடம் இருக்கு சிஸ்டர். பேச்சுக்கு நடுவுல கேப்புதான் இல்ல."

உண்மையைச் சொன்னது தப்பாகப் போயிற்று. சாப்பாட்டு நேரத்துக்குள், ஆண் நர்ஸ்கள் கூட்டம் போட்டுப் பெண் நர்ஸ்களைப் பற்றிப் புகார் எழுதப் போகிறார்கள் என்ற செய்தி மாடி மாடியாக ஏறி இறங்கியது. அதுவரை "சாப்டீங்களா பிரதர்?" என்றாவது கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அதையும் நிறுத்திவிட்டார்கள்.

மனைவி வேறு விதமாக வாரினாள்.

"வீட்டுல மூணு கேள்வி கேட்டா ஒரு 'ம்' வருது. அங்க போய் ஒரு மணி நேரம் பேசப் போறீங்களா? டிக்கெட் எவ்வளவுன்னு சொல்லுங்க, நானும் வந்து பார்க்கிறேன்."

"உங்கிட்ட சொன்னா நீ கவலைப்படுவே."

"சொல்லாட்டி மட்டும் நான் என்ன, விசிலா அடிச்சுக்கிட்டு இருக்கேன்?"

அதற்கும் அவர் "ம்" என்றார்.

புதிதாகக் கட்டிய பிளாக்கில் இரண்டு ஆண் நர்ஸ்கள் சேர்ந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். யார், எந்த வார்டு என்று தெரியவில்லை. நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினால் தானே வருவார்கள் என்று நெட்டை பிரதர் நினைத்தார். கொட்டை எழுத்தில் எழுதினார்: 'ஆண்கள் மட்டும். மனதில் உள்ள பிரச்சினையைத் தயங்காமல் சொல்லலாம். மாவுக்கட்டு அறை, இன்று மாலை.'

நர்ஸ் என்ற வார்த்தையைப் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேறு யாருக்காக எழுதப் போகிறார்?

நோட்டீஸ் காயும் முன்பே, பார்வையாளர் ஒருவர் அவரை மெல்லத் தூண் பக்கம் ஒதுக்கினார்.

"ஊசியா சார், இல்ல மாத்திரைதானா?"

நெட்டை பிரதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய், 'வைத்தியம் எதுவும் கிடையாது, பேச்சு மட்டும்தான்' என்று கீழே சேர்த்தார்.

"பார்த்தியா, இதுக்கு வைத்தியமே கிடையாதாம்!" என்று போர்டின் முன்னால் நின்ற ஒருவர் இன்னொருவரிடம் கலங்கிய குரலில் சொன்னார்.

அவர்களைத் தேற்றுவதற்காக, 'பயப்பட வேண்டாம், ரகசியம் காக்கப்படும்' என்று இன்னொரு வரி எழுதினார். அவ்வளவுதான். வரவேற்பு மேசையில் போன் மணி ஓயவில்லை. பேசியவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் கிசுகிசுத்தார்கள்.

மேட்ரன் கூப்பிட்டுவிட்டார்.

"அந்த மாதிரி கிளினிக் எல்லாம் நாம எப்போ ஆரம்பிச்சோம்னு டைரக்டர் கேக்கறார். நான் என்னன்னு பதில் சொல்ல?"

"மேடம், அது வந்து..."

"சாயங்காலம் நானே வந்து தலையை எண்ணுவேன். ஆறு இல்லேன்னா, நோட்டீஸைக் கிழிச்ச கையோட இந்தப் பேச்சையும் விட்டுடணும்."

மாலையில் மாவுக்கட்டு அறையில் நெட்டை பிரதர், ஐ.சி.யூ.வின் மீசை பிரதர், அவசரப் பிரிவின் குண்டு பிரதர், ஆபரேஷன் தியேட்டரில் எந்நேரமும் ஏதாவது முணுமுணுத்துப் பாடும் பாட்டு பிரதர் என நாலு பேரும் ஆஜர். ஐந்தாவதாக, முகம் முழுக்கத் துண்டைச் சுற்றிய ஒருவர் சுவரோடு சுவராக நகர்ந்து வந்தார்.

"பிரச்சினை எனக்கில்ல. என் சிநேகிதனுக்கு" என்றார்.

"யாருக்கா இருந்தாலும் உட்காருங்க. நீங்க வாயே திறக்க வேண்டாம். தலை இருந்தாப் போதும்" என்று நெட்டை பிரதர் அவரை நாற்காலியில் அமுக்கினார்.

ஆறாவது ஆளுக்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கருநீலச் சட்டையும் பேன்ட்டும் போட்ட ஒருவர் தோளில் பையோடு எட்டிப் பார்த்தார். தியேட்டர் உடுப்பேதான்.

"புது பிளாக்கா நீங்க?"

"ஆமாங்க, அங்க முடிச்சுட்டு இப்பத்தான் வர்றேன். இங்க..."

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்!"

"இல்லீங்க, வேலை கிடக்கு..."

"வேலை என்னிக்குத்தான் இல்ல? கொஞ்ச நேரம் உட்காருங்கண்ணே." கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

ஆறு தலை சேர்ந்தாயிற்று. பேச்சுதான் வரவில்லை.

"அப்புறம்?" என்றார் மீசை.

"நீங்கதான் சொல்லணும்" என்றார் குண்டு.

பாட்டு பிரதர் எதையோ முணுமுணுத்தார். வண்டி நிறுத்த இடமில்லாதது பற்றி இரண்டு வாக்கியம் ஓடி, அதுவும் படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேட்ரன் வந்து வாசலில் நின்றார். பின்னாலேயே வார்டு சிஸ்டர், கையைக் கட்டிக்கொண்டு.

நெட்டை பிரதருக்கு வியர்த்தது. "அண்ணே, நீங்க ஏதாவது சொல்லுங்க. வேலையில மனசு கஷ்டப்பட்டது எதுவா இருந்தாலும் சரி."

நீலச்சட்டைக்காரர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். "நெசமாவே கேக்கறீங்களா? இதுவரைக்கும் என்னை யாரும் கேட்டதே இல்லீங்க."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று பாட்டு பிரதரின் பாட்டை நிறுத்தியது.

"எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடுற இடத்துக்கு நாம உள்ளே போறோம். கூசாம கையை விடறோம். வேலை முடியற வரைக்கும் அண்ணே அண்ணேங்கிறாங்க. முடிஞ்சதும் நம்ம கையில ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்க யோசிக்கிறாங்க."

"சத்தியமான பேச்சு" என்றார் குண்டு.

"நேத்துகூட ஒரு அடைப்பு. மெல்லிசான குழாயை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுத்தேன்."

"ரொம்ப வயசானதோ?" என்றார் மீசை, கரிசனமாக.

"கையை வச்சாலே உடைஞ்சிடும் போல இருந்துச்சுங்க. பதமா எடுத்து, சரசரன்னு போனதும்தான் எனக்கு மூச்சே வந்தது. திரும்பிப் பார்த்தா ஒரு ஆள் இல்ல. நல்லா இருக்குன்னு சொல்லக்கூட ஒரு வாய் இல்லீங்க." அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "'உங்கப்பா என்ன வேலை'ன்னு கேட்டா, என் பொண்ணு பேச்சை மாத்திடுது."

நெட்டை பிரதரின் தொண்டை முள் அசைந்தது.

"போன மாசம் ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டார்" என்று ஆரம்பித்தார். "விடிய விடிய அவர் பேசினதை நான்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். மகன் வந்தாரு. அவங்க அப்பா கை இன்னும் என் கையிலதான் இருக்கு. என்னைப் பார்த்துக்கிட்டே, 'கடைசி நேரத்துல ஒரு நர்ஸ்கூடவா பக்கத்துல இல்ல?'ன்னு கத்தினாரு. கட்டிலைத் தள்ளச் சொன்னாரு. தள்ளினேன்."

வார்டு சிஸ்டரின் கட்டிய கைகள் தாமாக அவிழ்ந்தன.

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லல பிரதர்?"

"உங்க எல்லாருக்கும் முன்னாடி அழுதுட்டா, மறுநாள் சிலிண்டர் தூக்க எப்படி வருவேன்?"

அவள் சிரிக்கப் பார்த்து, முடியாமல் மூக்கை உறிஞ்சினாள். மீசையும் குண்டும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். துண்டுக்காரர் துண்டை முகத்திலிருந்து உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரச்சினை எனக்குத்தாங்க" என்று ஒப்புக்கொண்டார்.

மேட்ரன் தொண்டையைச் செருமினார்.

"ஆறு இருக்கு. ரூம் உங்களுக்கு. எதுக்குத் தனியா ஒரு இடம்னு நினைச்சேன். இப்பப் புரியுது. ஆனா ஒரு நிபந்தனை. இந்தப் புது பிளாக் தம்பிதான் கூட்டத்துக்குத் தலைவர். நர்ஸ் வேலையோட கஷ்டத்தை இவ்வளவு நல்லா எடுத்துச் சொல்லி நான் கேட்டதே இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். நீலச்சட்டைக்காரர் மட்டும் திருதிருவென்று விழித்தார்.

அப்போது, முழங்கால் வரை நனைந்த வார்டு ஆயா மூச்சிரைக்க ஓடிவந்து கதவைத் தள்ளினாள்.

"ஏண்ணே பிளம்பரு, மூணாவது மாடி பாத்ரூம் அடைச்சுக்கிட்டு தண்ணி மாடிப்படியில ஓடுது, நீங்க இங்க உட்கார்ந்து அழுதுக்கிட்டா இருக்கீங்க?"