ஒன்றரை இஞ்சுப் படகும் மூன்று இஞ்சு லாரியும்

சங்கரன்கோவிலில் படகுத்துறை இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அரசாங்கத்தில் நீர்நிலை மேன்மைப் பிரிவு என்று ஒரு பிரிவு, ஊருக்கு ஒரு படகு என்று முடிவெடுத்தது. ஊருக்கு மேற்கே உள்ள குளத்துக்கும் ஒரு படகு வந்து சேர்ந்தது. தண்ணீர் கொடுப்பது வானத்தின் வேலை; அது வேறு பிரிவு.

படகின் பெயர் அல்லி. வயது முப்பத்தைந்து. கேரளத்துக் காயலில் ஓடிக் களைத்து, ஏலத்தில் வந்தது. அதில் ஒரு கக்கூஸும், அடியில் கழிவு சேர ஒரு தொட்டியும் இருந்தன. இருபது நிமிடச் சவாரிக்குக் கக்கூஸ் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டு முதல் குளக்கரை வரை பெண்பிள்ளைகள் நம்பிப் போகக்கூடியது அது ஒன்றுதான். ஆடித்தபசுத் திருவிழா அன்று டிக்கெட் வாங்கி அல்லியில் ஏறியவர்கள் யாரும் குளத்தைப் பார்க்கவில்லை. நாள் முழுவதும் படகு கரையைவிட்டு நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

தொட்டி நிறைந்தது. அதே வாரம் சுற்றறிக்கையும் வந்தது. குளத்தில் நாற்றம் அடிப்பதாகப் பொதுமக்கள் புகார் கொடுத்திருந்தார்கள். குளத்தில் இருப்பது ஒரே படகு. ஆகவே நாற்றத்துக்குக் காரணம் படகு. மாதக் கடைசிக்குள் கழிவை லாரியில் உறிஞ்சி எடுத்துச் சான்றிதழ் அனுப்பினால் படகுத்துறைக் காப்பாளர் நிரந்தரமாக்கப்படுவார். அனுப்பாவிட்டால் படகுத்துறையே மூடப்படும்.

அந்தக் காப்பாளர் சுந்தரபாய். ஒன்பது வருஷமாகத் தினக்கூலி. “இந்த வருசம் நிரந்தரம் பண்ணிருவாவ” என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லிச் சொல்லி, வீட்டில் இப்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சுற்றறிக்கையைப் படித்த கையோடு செப்டிக் டேங்க் லாரிக்காரர் மைதீன் பாட்சாவுக்குப் போன் போட்டாள்.

அவர் குழாயை இழுத்து வந்து படகோடு வைத்துப் பார்த்தார். “அக்கா, படகு வாய் ஒண்ணரை இஞ்சு. நம்ம ஓஸு மூணு இஞ்சு. ஒட்டாதுக்கா.”

லேத் பட்டறை பேச்சிராஜாவைக் கூட்டி வந்தார்கள். அவன் மரையில் விரலை விட்டுத் தடவினான். “பழைய மரைக்கா. இப்ப கடையில கிடைக்காது. கடைஞ்சிருவோம். இருபது நிமிசம்.”

இருபது நிமிடத்தில் இரண்டு வாயையும் சேர்க்கும் இணைப்பான் ஒன்றைக் கடைந்தும் விட்டான். அங்கேயே மாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் இணைப்பு அலுவலர் சாம்சுந்தர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று சுந்தரபாய் பஸ் ஏறினாள். ஒன்பது வருஷம் தினக்கூலியாக இருந்தவர்கள் மட்டுமே செய்யும் தவறு அது.

சாம்சுந்தர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

“அனுமதி பெறாத இணைப்பான் வழியாக எடுக்கப்பட்ட கழிவு, எடுக்கப்படாத கழிவாகவே கருதப்படும்மா. முதல்ல இது படகுப் பொருளா, லாரிப் பொருளா?”

“ரெண்டுக்கும் நடுவுல இருக்குது சார்.”

“நடுவுல ஒண்ணும் இருக்க முடியாது. படகுல இருந்தா படகுப் பொருள். லாரியில போனா லாரிப் பொருள்.”

“வேலை முடிஞ்சதும் கழத்தி என் மேசையில வச்சுக்கிடுதேன் சார்.”

“அப்ப அது அலுவலகத் தளவாடம். அதுக்கு வேற பிரிவு.”

அடுத்த முறை போனபோது, படகு செய்த கம்பெனியின் ஒப்புதல் கேட்டார். கம்பெனிக்காரர் இறந்துவிட்டார் என்றாள். இறப்புச் சான்றிதழ் கேட்டார். மூன்றாம் முறை, இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் ஒட்டுகிறார்களே, அந்தக் கியூ.ஆர். கோடு இதற்கும் வேண்டும் என்றார்.

“ஸ்கேன் பண்ணினா இணைப்பான் எங்க இருக்குன்னு தெரியணும்.”

“கையிலதான சார் இருக்கு.”

“அது உங்களுக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியணும்லா?”

திரும்பி வரும் பஸ்ஸில் சுந்தரபாய்க்கு அழுகை வந்தது. நான்கு நாள்தான் மிச்சம்.

முப்பதாம் தேதி காலை ஐந்து பேர் கொண்ட கூட்டு ஆய்வுக் குழு வந்தது. படகு வாயை இஞ்சில் அளந்தார்கள். லாரி வாயை மில்லிமீட்டரில் அளந்தார்கள். இரண்டும் வெவ்வேறு என்று கண்டறிந்தார்கள். டீயும் போண்டாவும் ஆனபின் சாம்சுந்தர் மெல்ல எழுந்து படகுப் பக்கம் போனார். கக்கூஸ் கதவில் பூட்டுத் தொங்கியது.

“சாவி குடும்மா.”

“தொட்டி காலியாகுத வரைக்கும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு சார். கீழ உங்க கையெழுத்துதான்.”

அலுவலர் கரையைப் பார்த்தார். ஆடு மேய்க்கும் பெண்கள் நாலு பேர் அவரைப் பார்த்தார்கள்.

“அந்த இணைப்பான் எங்க?” என்றார், குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

பேச்சிராஜா சட்டைப்பையிலிருந்து எடுத்தான். மூன்று வாரம் அசையாத கோப்பு மூன்று நிமிடத்தில் அசைந்தது. மேற்படி பொருள் எப்பிரிவையும் சாராத தற்காலிகப் பொருள் எனக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. லாரி உறிஞ்சி முடிக்கும்வரை அலுவலர் ஒற்றைக்காலில் நின்றார். பிறகு கதவு திறந்தது, சான்றிதழும் கிடைத்தது. ‘கழிவு நீர்நிலையில் கலவாமல் பாதுகாப்பாக அகற்றப்பட்டது.’

குழு போனபின் லாரி குளத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போய் நின்றது. சுந்தரபாய் ஓடினாள். மைதீன் பாட்சா பின்வாயைத் திறந்து கழிவைக் குளத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, என்ன செய்யுதிய?”

“சுத்திகரிப்பு நிலையத்து வாய் ஆறு இஞ்சுக்கா. நம்ம லாரிப் பின்வாய் நாலு. இணைப்பான் கேட்டு ரெண்டு வருசமா எழுதிப் போட்டிருக்கோம். அதுவரைக்கும் ஊரு மொத்தத்துக்கும் இங்கனதான். போன சித்திரையில உங்க வீட்டுத் தொட்டி எடுத்தேன்லா, அதுவும் இங்கனதான். நீங்க கேக்கவே இல்லையே?”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. சான்றிதழை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வந்தது. புது மேசையும் வந்தது. விஷயம் கேள்விப்பட்டு, பேச்சிராஜா யாரும் சொல்லாமலே ஆறுக்கு நாலு இஞ்சில் ஒன்று கடைந்து எடுத்து வந்தான்.

“மாட்டிருவோமாக்கா? இருபது நிமிசம்.”

சுந்தரபாய் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல வேலைப்பாடு. பிறகு மேசைமேல் வைத்தாள்.

“உக்காரு, பேச்சிராஜா,” என்றாள். “மொதல்ல இது லாரிப் பொருளா, நிலையத்துப் பொருளா?”