பையோடு விளக்கில் காட்டிய குலைகள்

நொவெல்டா,
டிசம்பர் 27

மரியாதைக்குரிய ரெமெடியோஸ் சித்திக்கு, ஒப்துலியா எழுதுவது.

புற ஊதா விளக்கில் காட்டிய திராட்சை எத்தனை நாள் அழுகாமல் தாங்கும் என்று கேட்டிருந்தீர்கள். பதினெட்டு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் ஆராய்கிறேன். எனக்குத் தெரியாது. ஆய்வகத்துத் திராட்சை ஆறு வாரம் தாங்கியது. அதற்கு எலிசேயு மாதிரி ஒரு தம்பி கிடையாது. உங்களுக்கும் சித்தப்பாவின் முழங்காலுக்கும் சரகோசாக் குளிர் ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும்.

கூட்டுறவுக் கூட்டத்தில் எழுந்து நின்று அவன் சொன்னது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். இந்த வருடக் குலை, நாடே நள்ளிரவில் திராட்சை தின்னும் புதுவருடம் வரை தாங்காவிட்டால் கொடி முழுவதையும் பிடுங்கிவிடுவானாம். மூன்று வருடமாகக் குளிர் அறையிலேயே சாம்பல் பூஞ்சணம் பிடிக்கிறது. பூஞ்சணத்தைத் தடுக்கக் கந்தகத் தாள் வைத்தால் வாங்குகிறவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அதனால் ஆய்வக விளக்கைக் காரில் ஏற்றி வந்தேன். எவ்வளவு தூரம், எத்தனை வினாடி, கண்ணுக்கு என்ன கண்ணாடி என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பையைக் கழற்றச் சொல்லி எழுதவில்லை. ஜூலையில் குலைக்கு மாட்டும் காகிதப் பையைப் பெட்டியில் அடுக்கும் நாள் வரை கழற்றாத ஊரில் பிறந்தவள் நான். ஆனால் ஆய்வகத்துக்கு வரும் திராட்சை அம்மணமாகத்தான் வரும்.

நான் திரும்பிப் போனதும் அறுவடையில் பாதியைப் பையோடே காட்டியிருக்கிறார்கள். பெட்டி அடுக்கும் சால்வடோரா கேட்டிருக்கிறாள்.

"ஏம்பா எலிசேயு, காயிதத்துக்குள்ள வெளிச்சம் எப்படிப் போகும்?"

"வெயிலே படாம வளர்த்த குலை. விளக்குக்கு முன்னால துணிய அவுக்கச் சொல்றியா? அக்கா எழுதியிருந்தா அவுக்கலாம். எழுதல."

"உங்கக்கா மூச்சு விடுன்னுகூடத்தான் எழுதல."

பத்து நாளில் பைக்குள் எலிக்குஞ்சு மாதிரி சாம்பல் ரோமம். உடனே என்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் எல்லாரும் சாப்பாட்டு மேஜையில் இருக்க, அவன் மட்டும் கொட்டகையில் மீதிக் குலைகளின் பையைக் கிழித்து, தட்டு தட்டாக விளக்கடியில் வைத்து, ஒரு நிமிடத்துக்குப் பதில் அரை மணி நேரம் காட்டிக்கொண்டிருந்தான். ஏண்டா என்றால், "ஒரு நிமிஷமே நல்லதுன்னா அரை மணி எவ்ளோ நல்லதுக்கா?" கண்ணாடி ஏன் போடலை என்றால், "குலை கண்ணாடி போட்டிருக்கா?" அன்று சாயங்காலமே கண்ணில் மணலைக் கொட்டினது போலக் கத்தினான். மருத்துவர் இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார். சில நாளில் அவனுக்குச் சரியாகிவிடும். குலைக்கு ஆகாது. காம்பெல்லாம் பழைய கயிறாகக் கறுத்துவிட்டது. தூக்கினால் பழம் உதிர்கிறது.

இப்போது கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டே இருக்கிறான். "அக்கா, காம்பு பச்சையா இருக்கா?" "பச்சையாத்தான் இருக்கு, பேசாம தூங்கு." ஆதாரமில்லாமல் ஒரு வரிகூட எழுதாதவள், இன்று மட்டும் நான்கு தடவை சொல்லிவிட்டேன்.

நீங்கள் தொலைபேசியில் பேசினால், எல்லாம் நன்றாக இருப்பதாக ஒப்துலியா சொன்னாள் என்று சொல்லுங்கள், சித்தி. கட்டு அவிழும் வரை போதும். பிறகு நானே பக்கத்தில் உட்கார்ந்து, பிழை கொடியிடம் இல்லை, என் தாளில்தான் என்று சொல்லி, இன்னும் ஒரு வருடம் கேட்கப் போகிறேன். கொடுப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

தேவமாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். நீங்கள் நம்புவதால் எழுதுகிறேன்.

ஒப்துலியா

பி.கு., டிசம்பர் 28: நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். இன்று காலை கண்கட்டோடே சுவரைத் தடவிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான். நான் போனபோது ஒரு குலையைத் தூக்கி உலுக்கிக்கொண்டிருந்தான். பழங்கள் தரையில் விழும் சத்தத்தைக் கடைசிவரை கேட்டான். "பச்சையா இருக்குன்னியே" என்று மட்டும் சொன்னான். பிறகு டிராக்டர்காரர் பெர்னாபேயின் எண்ணைப் படிக்கச் சொன்னான். படித்தேன். கொடியைப் பிடுங்க வரச் சொன்னான். இன்று ஊரே ஒருவரையொருவர் விளையாட்டாகப் பொய் சொல்லி ஏமாற்றும் நாள். பெர்னாபே சிரித்தார். "வேற ஆளப் பாருடா! போன வருஷம் இதே நாள்ல என் டிராக்டர் திருடு போச்சுன்ன!" இரண்டாம் தடவையும் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். மூன்றாம் தடவை எலிசேயு தொலைபேசியை என் பக்கம் நீட்டினான்.

"நீ சொல்லு. நீ சொன்னா நம்புவாரு."

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாளை காலை எட்டு மணிக்கு வருகிறார்.