நோராவின் மூக்கில் ஒரு வட்டம்

வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே நாய்கள் லிஃப்டில் ஏறவேண்டுமானால், கையால் வரைந்து அங்கீகாரம் பெற்ற படம் லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும் என்று பொதுக்குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. போட்டோ செல்லாது. அதில் தில்லுமுல்லு செய்துவிடுவார்களாம்.

பதினான்காம் மாடி தர்ஷினி என்னைக் கூப்பிட்டார். எங்கள் பேட்டை ஜீவனஹள்ளியில் நாய் பூனை படம் வரைகிறவன் நான் ஒருத்தன்தான். அவருடைய கறுப்பு நாய் நோராவுக்குப் பதிமூன்று வயது. பின்னங்கால் சரியில்லை.

"மூணு நாளா படியில தூக்கிட்டு இறங்குறேன் அண்ணா. சீக்கிரம் வரைஞ்சு குடுங்க."

நானும் படியேறித்தான் போயிருந்தேன். வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த லிஃப்ட் கிடையாது.

சங்கச் செயலாளர் சேஷகிரி, ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. எதில் வரைவது என்று அவர்தான் முடிவு செய்யவேண்டும்.

"கரித்துண்டுல வரையட்டுமா சார்? முடி அழகா வரும்."

"கரி எரிபொருள். தீயணைப்புத் துறை ஆட்சேபிக்கும்."

"வாட்டர்கலர்?"

"சாரல் பட்டா நாய் கரைஞ்சுபோகும். யார் பொறுப்பு? ஆயில் பெயிண்ட்தான்."

"அது காயவே ஒரு வாரம் ஆகும் சார். பாவம், நாய்க்குக் கால்..."

"ரூல் அந்தரெ ரூல்!" விதி என்றால் விதிதான் என்று கன்னடத்தில் முடித்துவிட்டார்.

கறுப்பு முடியில் வெளிச்சம் விழுந்தால் நீலம் தெரியும். அதைத் தொட்டு வைத்தேன். சேஷகிரி, தர்ஷினி கொடுத்திருந்த விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"நிறம் கறுப்புன்னுதானே இருக்கு? நீலம் எங்கிருந்து வந்தது?"

எல்லாவற்றையும் கறுப்பால் மூடினேன். மிஞ்சியது இரண்டு கண்தான்.

"இப்பத்தான் நாய் மாதிரி இருக்கு" என்று பாராட்டி, அங்கீகார முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"ஐயோ, ஈரம் சார்!"

முத்திரை பெயிண்டை வழித்துக்கொண்டு வந்துவிட்டது. மூக்கு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம்.

படத்தை மாட்டினோம். காவலாளி சுதீர் படத்தையும் நோராவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மேடம், படத்துல மூக்குல வட்டம் இருக்கு. நாய்க்கு இல்லையே?"

சேஷகிரியிடம் ஓடினேன்.

"அங்கீகரித்த படத்தைத் திருத்த விதியில் இடமில்லை. நாயைத் திருத்துங்கள்."

தர்ஷினிக்கு அழுகையே வந்துவிட்டது. கீழ்வீட்டில் அரிசிமாவு வாங்கிக் குழைத்து, பிரஷ்ஷால் நோராவின் மூக்கில் வட்டம் போட்டேன். சுதீர் கதவைத் திறந்தார். அதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"சூப்பரா இருக்கே! எந்த ஸ்பால போட்டீங்க? எங்க குட்டிக்கும் வேணும்!"

நோரா ராஜகம்பீரமாக உள்ளே போனாள். என் பை பதினான்காம் மாடியில் இருந்தது. நானும் காலை வைத்தேன். சுதீர் கையை நீட்டி மறித்தார்.

"உங்களுக்குப் படி அண்ணா."

முழங்கால் விண்விண் என்றது. பிரஷ்ஷில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. என் மூக்கில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன்.

சுதீர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரியா இருக்கு சார், போங்க" என்று சல்யூட் அடித்தார்.