மேலே மாமனார், வண்டிக்கு அடியில் நான்

மாமனாரோடு பேசாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. பேசாமல் இருந்துகொண்டே அவர் வீட்டு விருந்தைச் சாப்பிடுவதுதான் கஷ்டம். இரண்டையும் ஒருசேர இரண்டு வருஷம் செய்தவன் நான்.

சண்டைக்குக் காரணம் என் வாய். என் மாமனார் மலைமேல் வளப்பூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். ஊர் லோடு அடிக்கலாம் என்று ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார். எத்தனையாவது கை என்பது ஆர்சி புத்தகத்துக்கே குழப்பமாக இருந்திருக்கும். ஆனாலும் அவருக்கு அது தேர். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றிப் பூசை போட்ட அன்று சொந்தமெல்லாம் கூடியிருந்தது. யாரோ ஒருவர், "மாப்ளெ லாரிக் கம்பெனியில இருக்காரு, வண்டி எப்படின்னு அவரு சொல்லட்டும்" என்றார்.

நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறேன் என்பது உண்மை. அங்கே பில் போடுகிறேன் என்பதைத்தான் மாமனார் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. (அவர்களும் கேட்கவில்லை, நாமாக எதற்குச் சொல்ல வேண்டும்?) அன்று எழுந்து போய், பானெட்டை டாக்டர் மாதிரி தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "பேரீச்சம்பழத்துக்குத்தான் ஆகும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் மட்டும் கற்பூரத்தட்டைக் கீழே வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அதைவிட மோசம், லாரிக் கம்பெனி மாப்பிள்ளையே சொல்லிவிட்டார் என்று அதன்பின் பல மாதம் ஊரில் யாரும் அந்த வண்டியை லோடுக்குக் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. மரியாதை மட்டும் நிற்கவில்லை. நாங்கள் போனால் கோழி அடிப்பார், பலாப்பழம் வெட்டுவார். ஆனால் என்னிடம் சொல்ல வேண்டியதை என் மனைவி பூங்கொடியிடம் சொல்வார். அவள் இல்லாவிட்டால் வீட்டு நாயிடம் சொல்வார். "மணி, அந்த எலைக்கு இன்னொரு கறித்துண்டு வைக்கச் சொல்லு" என்பார். மணி என் இலையைப் பார்க்கும் பார்வையில் அதற்கு வேறு யோசனை இருப்பது தெரியும்.

இப்படி இருக்கையில் பூங்கொடிக்கு அரசு வேலை கிடைத்தது. எத்தனையோ பரீட்சை எழுதி, இரண்டு தடவை கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போய், கடைசியில் வந்த வேலை. ஒரு திங்கட்கிழமை மதியத்துக்குள் நாமக்கல்லில் சேர வேண்டும். அதுதான் கடைசி நாள். முதலில் மலையில் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் சேருவேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கும்பிட்டோம். திங்கள் காலை முதல் பஸ்ஸில் இறங்குவதாகத் திட்டம். பஸ் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். பஸ் போனபோதும் குளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பூங்கொடி பையோடு வாசலில் நின்று பஸ் போன திசையைப் பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மாமனார்தான் சாவியை எடுத்தார். "கண்ணு, நம்ம வண்டியில போலாம் வா. அவரு பேரீச்சம்பழ வண்டியில வாராரான்னு கேளு" என்றார். அவரு வந்தார். புது வெள்ளைச் சட்டை போட்டு, வாயை மூடிக்கொண்டு, ஜன்னல் ஓரமாக வந்தார்.

மலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் கிளட்ச் பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது. மேலே வரவே இல்லை. கியர் விழவில்லை. வண்டி ஒரு பலா மரத்தடியில் நின்றது. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அவர் அடிவாரத்தில் சந்தையில் இருந்தார். சந்தை நாள் என்பதால் கீழே இறங்க வேண்டிய வண்டியெல்லாம் விடியுமுன்னே இறங்கிவிட்டன. மேலே ஏறும் வண்டிகள்தான் வந்தன. ஒவ்வொன்றும் நின்று, எட்டிப் பார்த்து, ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனது.

நின்ற வண்டிக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லாரிக் கம்பெனி மாப்பிள்ளை அல்லவா! ரோட்டோரம் திரும்பி நின்று ரகசியமாகப் போனைத் திறந்தேன். அந்த இடத்தில் சிக்னல் கிடைத்தது எங்கள் கெட்ட நேரம். ஏதோ வடக்கத்தி பாஷையில் ஒருவர் பேசிய வீடியோ. பாஷை புரியாவிட்டாலும் கை புரிந்தது. கிளட்ச்சை ஆயில்தான் தள்ளுகிறது. ஆயில் ஒழுகிப் போன இடத்தில் காற்று புகுந்தால் பெடல் மிதித்தாலும் தள்ளாது. காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து ஒரு சின்ன நிப்பிளைத் திறந்து, காற்றும் ஆயிலும் வந்ததும் மூட வேண்டும். மூடின பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

கேட்க எவ்வளவு சுலபம்! அந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் வீடியோக்காரர் சொல்லவில்லை. அவர் ஊரில் அது தானாக நடக்கும்போல.

மாமனார் ஏறி உட்கார்ந்தார். பிரேக் ஆயில் பாட்டிலும் (கிளட்ச்சுக்கும் அதுதான்) ஸ்பேனரும் வண்டியிலேயே சாக்குப் பைக்குள் இருந்தன. ஒழுகின இடத்தை முறுக்கி, பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவை நிரப்பிவிட்டு, சாக்கை விரித்து வெள்ளைச் சட்டையோடு அடியில் புகுந்தேன். கதவருகே நடுவர் மாதிரி பூங்கொடி நின்றாள்.

"மிதிக்கச் சொல்லு" என்றேன்.

"அப்பா, மிதிக்கோணுமாம்."

"மிதிச்சாச்சுன்னு சொல்லு கண்ணு."

"மிதிச்சாச்சாமுங்க."

திறந்தேன். புளுக்கென்று காற்றும் ஆயிலும் வந்தது. "மூடற வரைக்கும் காலை எடுக்க வேண்டான்னு சொல்லு" என்றேன். அந்தச் சேதி போய்ச் சேருவதற்குள் மாமனார் காலை எடுத்திருந்தார். வந்த காற்று உள்ளே போய்விட்டது. எங்கள் இருவருக்கும் நடுவே வெறும் தகரம்தான் இருந்தது. நான் சொல்வது அவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் மகள் வழியாக வராத சொல்லுக்கு அவர் கால் கட்டுப்படாது.

மறுபடி, மறுபடி. "உங்கப்பனுக்குக் காலா, உலக்கையா?" என்று கத்தினேன். பூங்கொடி அதை, "இன்னொருக்கா மிதிங்கப்பா" என்று மொழிபெயர்த்தாள். இந்த அமர்க்களத்தில் மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. குழாய் முழுக்கக் காற்று நிறைந்தது. கொஞ்சமாவது இருந்த கிளட்ச் சுத்தமாகப் போயிற்று. நிப்பிளில் கடைசியாக வந்தது என் சட்டையில் விழுந்தது.

பூங்கொடி நேரத்தைப் பார்த்தாள். பிறகு நடந்து போய் ரோட்டோரப் பாறையில் உட்கார்ந்தாள். "நான் வேலைக்குப் போவலீங்க" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவால ரெண்டு வருஷமா வேலை பாத்தது போதும். அந்த வேலைய இன்னிக்கு விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு பலா மரத்தில் அணில் ஓடியது கேட்டது.

நான் எழுந்து, பாட்டிலில் மிச்சமிருந்த ஆயிலை டப்பாவில் ஊற்றினேன். கொஞ்சம்தான் இருந்தது. மறுபடி அடியில் படுத்தேன். அப்போதும் பேச வாய் வரவில்லை பாருங்கள்! ஸ்பேனரால் தகரத்தில் ஒரு தட்டு தட்டினேன், மிதி என்று. மேலே அவர் ஹாரனை அடித்தார், மிதித்தாயிற்று என்று. என் காதுக்குப் பக்கத்தில்தான் ஹாரன். எழுந்த வேகத்தில் நெற்றி சேசிஸில் இடித்தது. ரோஷத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தவள் எத்தனை ராத்திரி படித்தாள் என்று எனக்குத் தெரியும்.

"மாமா," என்றேன், "மிதிங்க."

மேலே பெடல் இறங்கும் சத்தம் கேட்டது.

"மிதிச்சாச்சுங்க மாப்ளெ."

"புடிச்சுக்குங்க."

"புடிச்சிருக்கறனுங்க."

"மூடிட்டேன். இப்ப விடுங்க."

"விட்டாச்சுங்க."

அதன்பின் நெல் குத்துகிற மாதிரி தாளத்தோடு போயிற்று. காற்று குறைந்து ஆயில் வரத் தொடங்கியது. அப்போது, காலை அழுத்திப் பிடித்தபடியே, மாமனார் மெதுவாகக் கேட்டார்: "மாப்ளெ, நெசமாச் சொல்லுங்க. இந்த வண்டி பேரீச்சம்பழத்துக்குத்தான் ஆகுமுங்களா?"

இரண்டு வருஷம் அந்தக் கேள்வியை அவர் வைத்திருந்திருக்கிறார். கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்; அது பாதிக்கு மேல் கவலை. முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் உண்மையைச் சொன்னேன். "மாமா, எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. அங்க நான் பில்லு போடறவனுங்க."

முதலில் சீட் ஆடியது. பிறகு வண்டி ஆடியது. மாமனார் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கால் பெடலைவிட்டு நழுவியது. நிப்பிள் திறந்திருந்தது. அத்தனை பாடுபட்டு வெளியே தள்ளிய காற்று மொத்தமும் உள்ளே போனது.

"போச்சுங்க மாமா" என்றேன். "போனாப் போவுதுங்க, மறுக்கா மிதிக்கறன்" என்றார், இன்னும் சிரித்துக்கொண்டே. சத்தம் கேட்டுப் பூங்கொடி பாறையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள், எங்களில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று. இந்தத் தடவை டப்பாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். டப்பாவின் அடி தெரிவதற்குள் பெடல் கெட்டியாக மேலே வந்தது. கியர் விழுந்தது. நான் பேரீச்சம்பழத்துக்குப் போட்ட அந்த வண்டி ஒரு வளைவில்கூடத் திணறாமல் எங்களை இறக்கியது. அதற்கு நான் மனதுக்குள் ஒரு பூசணிக்காய் சுற்றினேன்.

மதியத்துக்குள் போய்விட்டோம். கறுத்த சட்டையும் வீங்கிய நெற்றியுமாகப் பூங்கொடி பின்னாலேயே உள்ளே நுழைந்த என்னைப் பார்த்து, அங்கிருந்தவர், "டிரைவரெல்லாம் வெளிய இருப்பா" என்றார். நான் நகர்ந்தேன். மாமனார் நகரவில்லை. "அவரு டிரைவர் இல்லீங்க, என்ற மாப்ளெ" என்றார், அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. "வண்டியப் பத்தி அவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க." எனக்கு வாழ்க்கையில் கிடைத்த நற்சான்றிதழ்களில் அதற்கு ஈடான ஒன்று இன்னும் வரவில்லை. பூங்கொடி கையெழுத்துப் போடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா, கேட்டதில்லை.

இப்போது எங்கள் சொந்தத்தில் யாராவது இருவர் முறைத்துக்கொண்டால், "ரெண்டு பேத்தையும் பிக்கப்புக்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றுதான் சொல்கிறார்கள். ஒருவர் மேலே, ஒருவர் அடியில். என் மைத்துனனும் அவன் மனைவியும்கூட ஒரு தடவை போய் வந்தார்கள். அன்று வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அவர்களுக்குப் பலன் கிடைத்தது.

ஆயில் ஒழுகிய கிளட்ச் சிலிண்டரையும் குழாயையும் மெக்கானிக் புதிதாக மாற்றி வெகுநாள் ஆகிறது. காற்று புக வழியே இல்லை. ஆனாலும் மாதம் தவறாமல் மாமனாரிடமிருந்து போன் வரும். கிளட்ச் லேசாக இறங்குகிற மாதிரி இருக்கிறது என்பார். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் மாமா, எனக்கு என்ன தெரியும் என்பேன்.

"தெரியாட்டிப் போவுதுங்க மாப்ளெ," என்பார். "நீங்க வந்து சித்த நேரம் அடியில படுங்க. பேசலாம்."