பாஸ்பேட் அண்ணனின் வெள்ளைச் சட்டை

தலை வழுக்கையாவது, கல்யாணம் முறிவது, எக்ஸ்போர்ட் ஆர்டர் ரத்தாவது, பிள்ளைகள் கணக்கில் ஃபெயிலாவது என்று திருப்பூர் வட்டாரத்தின் சகல கெடுதல்களுக்கும் உப்புத் தண்ணீர் ஒன்றே காரணம் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் பாஸ்பேட் அண்ணன்தான். இன்னொருவர் இருந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நான் வேலை பார்த்த சாயப்பட்டறைக்குக் கெமிக்கல் விற்க வருவார். போர்வெல் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பைப் பிடித்து அடக்கி வைக்கிற பாஸ்பேட் பவுடர்தான் அவர் சரக்கு. அதைப் போட்டால் துணியில் சாயம் திட்டுத் திட்டாக ஏறாது, துவைத்த அழுக்கு திரும்ப ஒட்டாது. இதெல்லாம் உண்மைதான். அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

ஊரே "சாப்டீங்களா?" என்று விசாரிக்கும்போது அவர் மட்டும் "தண்ணி எப்படீங்க இருக்குது?" என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, நம் குழாயில் தண்ணீர் பிடித்து, கொஞ்சம் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குவார். நுரை வராது. இந்த ஊரில் எங்கே வரும்? பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நானா ஒண்ணும் சொல்லலீங்க. நீங்களே பாத்துக்குங்க" என்பார்.

எங்கள் கணக்காளர் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, தம்ளர்த் தண்ணீரை லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணீல பருப்பு வேகாதுங்களே" என்று உரக்கச் சொன்னார். சமையல்காரர் கரண்டியோடு வந்துவிட்டார். மணமக்களுக்கு அண்ணன் தந்த பரிசு, ஜிகினாத் தாள் சுற்றிய இரண்டு கிலோ பவுடர்.

இன்னொரு முறை, முதலாளி அறைக் கெட்டிலுக்குள் சுண்ணாம்பு படிந்திருப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், யாரிடமும் சொல்லாமல் பவுடரைப் போட்டு ஊறவைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆபீஸ் அக்கா அதே தண்ணீரில் டீ போட்டு முதலாளிக்கும், மும்பையிலிருந்து வந்திருந்த ஏஜென்ட்டுக்கும் கொடுத்தார். விருந்தாளி முன்னால் துப்ப முடியாமல் முதலாளி விழுங்கிய விழுங்கல் இருக்கிறதே! மறுநாள் அண்ணன் கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "பளிச்சுனு ஆயிருச்சு பாருங்க" என்றார். மன்னிப்பு என்கிற சரக்கை அவர் கம்பெனி தயாரிக்கவில்லை.

அவர் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு வெள்ளை. வெயிலில் வந்து நின்றால் கண் கூசும். பட்டறையில் வேலை பார்த்த பீகார்ப் பையன்கள் 'சஃபேத் பையா', அதாவது வெள்ளை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

அப்புறம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் பாஸ்பேட்டே கூடாது என்றார்கள். கழிவுநீரோடு போனால் குளம் குட்டையெல்லாம் பாசி மண்டி மீன் செத்துப்போகுமாம். சாயக்கழிவில் ஆறு கலர் கலராக ஓடியபோது கண்ணை மூடிக்கொண்டிருந்த நம் முதலாளிமார்களுக்கு ஒரே வாரத்தில் மீன்மேல் அப்படியொரு கரிசனம் வந்தது.

அண்ணனின் கம்பெனியும் பாஸ்பேட் இல்லாத புதுப் பவுடரை இறக்கியது. எங்கள் பட்டறை ஆர்டரைப் பிடிக்காவிட்டால் இனி வேலைக்கு வர வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவிட்டது. ஐம்பதைத் தாண்டியவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அண்ணன் கொஞ்சமும் கூச்சப்படாமல் கட்சி மாறினார்.

"பாஸ்பேட் வெசமுங்க முதலாளி."

"நேத்து வரைக்கும் அமிர்தம்னீங்களே?"

"அது நேத்துங்க."

அரசியலுக்குப் போயிருந்தால் மந்திரியாகியிருப்பார்.

கெமிக்கலைச் சோதிக்க, பையரின் ஆடிட்டர் மேடம் சென்னையிலிருந்து வந்தார். அவர் தலையாட்டினால் புதுப் பவுடருக்கு ஆர்டர் உறுதி. முதலாளி, அண்ணன், நான் என்று வரிசையாக நின்றோம். மேடம் பவுடரைப் பார்த்தார், டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தார், கடைசியில் அண்ணனின் சட்டையைப் பார்த்தார்.

"இவ்ளோ வெள்ளையா இருக்கே சார்! இந்தப் புது பவுடர்ல வாஷ் பண்ணதா?"

'ஆமாங்க' என்றால் முடிந்தது. ஆயுள் முழுக்க அளந்துவிட்ட வாய்க்கு அது ஒரு பெரிய காரியமா? முதலாளி கண்ணைக் காட்டினார். நான் என் பங்குக்கு அவர் காலை மிதித்தேன்.

அண்ணன் காலரைத் தடவிக்கொண்டார். "இதுங்களா? இது பழைய சரக்குங்க மேடம். எங்கூட்டுல இன்னும் அதுதானுங்க. அதுக்குத்தான் இந்த வெள்ளை வரும்."

"அப்போ புது பவுடர்?"

"அதுவும் நல்லதுதானுங்க. வெளுக்காது, அவ்வளவுதானுங்க."

மேடம் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போயிற்று, அண்ணனின் வேலையும் போயிற்று.

ஓடிப்போய் கேட் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். "ஏனுங்ணா, ஒரு ஆமாங்க சொல்லியிருந்தா என்னங்ணா?"

"மத்ததுல எப்படி வேணா சொல்லலாம் கண்ணு. போட்டிருக்கற சட்டையப் பத்தி எப்படிப் பொய் சொல்றது? எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்களே!"

உடுமலைப்பேட்டைப் பக்கம் மைத்துனரின் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேள்வி. இளநீரைப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருப்பார்.

நான் வீடு மாறிவிட்டேன். இங்கேயும் உப்புத் தண்ணீர்தான், என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் பழுப்பேறிக் கிடக்கின்றன. பார்க்கிறவர்கள் எல்லாரும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. ரொம்ப மோசமா இருக்குதுங்ணா. பாட்டிலை எடுத்துட்டு ஒருக்கா வந்துட்டுப் போங்க.