பெற்றோர் பராமரிப்புப் படிவம், திருத்தம் மூன்று

பெற்றவர்களைக் கவனித்துக்கொள்வது எப்படி என்று தெரியாமல் மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகளாகத் திண்டாடிக்கொண்டிருந்தது. அதற்கான விடையை ஒரே தாளில், பத்தே கேள்விகளில் கண்டுபிடித்த பெருமை ஒரு பெண்மணியைச் சேரும். அவளுக்கு இன்னும் யாரும் சிலை வைக்காதது உலகத்தின் நன்றிகெட்டதனம்.

அவள் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஆய்வு மேலாளர். எண்ணூறு லிஃப்டுகள் அவளுடைய படிவத்தை நம்பித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கயிறு சரி, கதவு சரி, விளக்கு சரி என்று மாதாமாதம் குறித்துவிட்டால் அடுத்த மாதம்வரை நிம்மதி. அப்பாவும் அம்மாவும் வேறோர் ஊரில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார்கள். அவர்களுடைய வயதும் ஏறிக்கொண்டே போனது, இறங்குகிற வழியாக இல்லை. ஆகவே மகள் லிஃப்ட் படிவத்தையே எடுத்து, கயிற்றை அடித்துவிட்டு மாத்திரை என்று எழுதினாள். விளக்கை அடித்துவிட்டுத் தூக்கம் என்று எழுதினாள். 'மணி அடித்தால் கேட்கிறதா?' என்ற வரி பெற்றோருக்குப் பொருந்தாது என்று நீக்கப்பட்டது. அப்பா 'அலகு ஒன்று' ஆனார். அம்மா 'அலகு இரண்டு'.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு வீடியோ அழைப்பு. அலகு ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம்.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா, காலையிலேயே."

"தூக்கம்?"

"எட்டு மணி நேரம்."

"தண்ணி?"

"ரெண்டு லிட்டர்."

"நடக்கறீங்களா?"

"பார்க் வரைக்கும் போயிட்டு வரேன்."

"கீழ கீழ விழுந்தீங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா, கடவுள் புண்ணியத்துல."

இப்படியே பத்தாவது கேள்விவரை. அப்பா பஸ் டெப்போவில் முப்பத்து நாலு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ்ஸுக்குப் பின்னால் எந்த பஸ் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அவருடைய பதில்களில் ஒரு நொடி முன்பின் இருக்காது. "அப்பா மாதிரி ஒத்துழைக்கிற அலகு கிடைக்காது" என்று மகள் அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

ஓராண்டு முடிந்தது. எந்தப் படிவமும் வருஷத்துக்கு ஒருமுறை திருத்தப்பட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. லிஃப்டுக்காக இருந்தபோதே இரண்டு திருத்தம் கண்ட படிவம் அது. மகள் கேள்விகளின் வரிசையை மாற்றி, 'திருத்தம் மூன்று' என்று தலைப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதை அமலுக்குக் கொண்டுவந்தாள்.

"யாரோடயாவது பேசிப் பழகறீங்களாப்பா?"

"ஆச்சும்மா, காலையிலேயே."

மகள் பேனாவை நிறுத்தினாள். சரி, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசியிருப்பார்.

"டிவி எவ்ளோ நேரம் பாக்கறீங்க?"

"எட்டு மணி நேரம்."

"அவ்ளோவா! மாத்திரை எவ்ளோ போடறீங்க?"

"ரெண்டு லிட்டர்."

மகள் திரைக்கு அருகே குனிந்தாள். "அப்பா, பாத்ரூம் போறதுல ஏதாவது சிரமம் இருக்கா?"

"பார்க் வரைக்கும் போயிட்டு வரேன்."

படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்று அவளையும் மீறி வாயில் வந்துவிட்டது. "அப்பா... நான் யாருன்னு தெரியுதா?"

அப்பா வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். "அதெல்லாம் இல்லம்மா, கடவுள் புண்ணியத்துல."

மகள் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓவென்று அழுதாள். அலகு இரண்டின் ஆய்வு அன்று நடைபெறவில்லை. அம்மா மூன்று தடவை திருப்பிக் கூப்பிட்டாள். மகளும் அவள் தம்பியும் 'அவசரக் கூட்டத்தில்' இருந்ததால் எடுக்க முடியவில்லை.

தம்பி, பெரிய நிறுவனங்களுக்குப் போய் ஊழியர்களைக் கைதட்டவைத்து, அதற்கு 'உள்ளொளிப் பயிற்சி' என்று பெயர் சொல்லிப் பிழைப்பவன். "மறதி நோய்தான்க்கா. ஆனா இதையும் ஒரு வாய்ப்பாப் பாக்கணும்" என்றான். வாய்ப்பு ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. மறதிக்காரர்களுக்கென்றே ஒரு விடுதி. அதன் விளம்பரத் தாளில் நாலு கிழவர்கள் எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஓர் அறை, துணைக்கு அனுமதி இல்லை. அப்பாவை அங்கே சேர்ப்பது, அம்மாவை மகள் அழைத்துக்கொள்வது, வீட்டைப் பூட்டுவது என்று மூன்று தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. போனில் சொன்னால் அம்மா தாங்கமாட்டாள் என்பதால் நேரில் தெரிவிப்பது என்பது நாலாவது தீர்மானம்.

புதன்கிழமை இருவரும் போய் மணியை அடித்தார்கள். யாரும் திறக்கவில்லை. மறுபடி அடித்தார்கள். தம்பி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கதவுக்கு நாலடி தள்ளி அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"மணி அடிச்சா கதவத் திறக்கணும்ங்கறதே மறந்துபோச்சுக்கா. முத்திப்போச்சு" என்றான்.

அதற்குள் அம்மா காய்கறிப் பையோடு படியேறி வந்தாள். சாவியால் கதவைத் திறந்தாள். பிள்ளைகளைப் பார்த்ததும் அப்பா எழுந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானங்களைச் சொல்லி முடித்தான்.

"அவரு அங்க, நான் இவ வீட்லயா?" என்றாள் அம்மா. "நாப்பத்தாறு வருஷம் கழிச்சு?"

"அம்மா, அவருக்கு என்னையே அடையாளம் தெரியல" என்று மகள் மூக்கை உறிஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள்வி பதிலோடு ஒப்பித்தாள்.

அம்மா கேட்டாள். ரெண்டு லிட்டர் மாத்திரை வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மறதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லடி. மனுஷனுக்கு ஏழு மாசமாக் காது கேக்கல. உன் வாய் நின்னதும் அடுத்த பதிலச் சொல்லுவாரு. நீதான் கேள்விய மாத்தவே மாட்டியே!"

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. அப்புறம், நீயும் எங்கடி கேட்ட? உன் தாள்ல எல்லாம் இருக்கு, காது எங்க இருக்கு?"

தம்பி விளம்பரத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினான்: 'ஏன்ப்பா மறைச்சீங்க?'

அப்பா படித்துவிட்டு மனைவியை முறைத்தார். பிறகு, தன் குரலே தனக்குக் கேட்காதவருக்கே உரிய சத்தத்தில் சொன்னார். "தெரிஞ்சா போனை அம்மாகிட்ட குடுங்கன்னுடுவீங்க. எனக்கு இருக்கறது அந்தப் பன்னண்டு நிமிஷம். அதுவும் போயிடும்."

மகள் பேனாவைப் பிடுங்கி எழுதினாள்: 'ஒண்ணுமே கேக்காம பன்னண்டு நிமிஷம் என்ன பண்ணீங்க?'

"உன்னைப் பாத்துட்டு இருந்தேன். மூக்குக்கண்ணாடி மாத்தியிருக்க. போன மாசம் ரெண்டு வாரம் தூங்காத மாதிரி இருந்த. என்னன்னு கேக்கணும்னு நெனச்சேன். கேட்டா நீ சொல்றது கேக்காதேன்னு விட்டுட்டேன்."

போன மாதம் ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்று, மகள் ரெண்டு வாரம் விசாரணைக்கு அலைந்தது உண்மை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு மாதம் அப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று பூராவும் நாலு பேரும் எழுதியும் கத்தியும் பேசினார்கள். நின்றுபோன லிஃப்டின் கதை எழுதப்பட்டது. உள்ளொளி என்றால் என்ன என்று அப்பா எழுத்துமூலம் விளக்கம் கோரினார். தம்பி மூன்று தாள் எழுதியும் விளங்கவில்லை. விளம்பரத் தாளில் சிரித்த கிழவர்களை அம்மா, கறை படட்டும் என்று, சூடான பாத்திரத்துக்கு அடியில் வைத்தாள். மறுநாள் அப்பாவை டாக்டரிடம் அழைத்துப்போய்க் காதுக்கு மெஷின் வாங்கினார்கள். முதல் தடவையாக மாட்டியதும் தெருவின் சத்தத்தைக் கேட்டு அப்பா குழந்தை மாதிரி சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மணி பத்து. மகள் விட்ட பிழையைத் திருத்திக்கொண்டாள். 'காது' என்று பதினோராவது கேள்வி சேர்த்து, 'திருத்தம் நாலு' என்று தலைப்பிட்டிருந்தாள். அப்பா மெஷினோடு, தலைவாரி, தயாராக உட்கார்ந்திருந்தார்.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் வாடியது. மெதுவாக மெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஆச்சும்மா, காலையிலேயே. எட்டு மணி நேரம். ரெண்டு லிட்டர். பார்க் வரைக்கும்..."

"அப்பா! அப்பா! மெஷின மாட்டுங்க!" என்று மகள் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"மாட்டிக்கறேன்மா" என்றார் அப்பா. "நீ பேச ஆரம்பிச்சதும்."